ஏலத்து ராணுவ இன்ஜின், எண்ணூர் ரோட்டு லாரி

உங்கள் பழைய லாரியில் ஏற்ற ராணுவ ஏலத்தில் வந்த இன்ஜினைத் தேடினால் கூடவே ஒரு வாக்கியமும் வரும்: “கிலோமீட்டரே ஓடலண்ணே, அப்படியே நின்ன வண்டி.” சொல்வது பெரும்பாலும் பொய் இல்லை. ஆனால் டீசல் இன்ஜின் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகச் செலவு வைக்கும். ஓடித் தேய்ந்த இன்ஜினில் எது போயிருக்கும் என்று மேஸ்திரிக்கு மனப்பாடம்: ரிங், லைனர், பேரிங், வால்வு சீட். நின்ற இன்ஜினைத் திறக்கும் வரை யாருக்கும் தெரியாது. கிராங்க் சீல் கல்லாகியிருக்கும். பம்ப் ராக், அதாவது டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு, ஒட்டியிருக்கும். வால்வு திறந்தபடி நின்ற சிலிண்டரில் மட்டும் துரு வளையம் விழுந்திருக்கும். கோர் பிளக், அதாவது பிளாக்கின் தண்ணீர் வழியை அடைக்கும் தகட்டு மூடி, உள்ளிருந்தே அரித்துக் காகிதம் மாதிரி ஆகியிருக்கும்.

அதனால் இன்ஜின் விலையோடு முழு சீல், கேஸ்கெட் செட், பம்ப் நாசில் சர்வீஸ், கிளட்ச் செட், ரேடியேட்டர் வேலை எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை, கையில் இருக்கிற பழைய இன்ஜினுக்கே சிலிண்டரைக் கடைந்து போர் அடித்து, கிராங்க் கிரைண்டிங் செய்து முழு ஓவராயில் பார்க்கிற செலவைவிடக் குறையவில்லை என்றால் இந்த வேலையில் இறங்க வேண்டாம். பிளாக் வெடித்த வண்டிக்கும் கிராங்க் உடைந்த வண்டிக்கும்தான் இது லாபம்.

எந்த இன்ஜின் என்பதில் டாடா வண்டிக்காரர்களுக்கு வழி சுலபம். ராணுவத்தின் எல்.பி.டி.ஏ. 713 டி.சி. நாலு சக்கர இழுவை லாரியில் இருப்பது 697 வகை டர்போ. பெயரிலேயே அளவு இருக்கிறது: 6 சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் விட்டம்). ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 128, மொத்தம் 5,675 சி.சி. மெர்சிடஸ் ஓ.எம். 352 இன்ஜினுக்கும் இதே போர், இதே ஸ்ட்ரோக். டாடா 1954இலிருந்து 1969 வரை டெய்ம்லர் பென்சோடு கூட்டாக இருந்த காலத்தின் வாசனை அது. ஊரில் தண்ணி லாரியாகவும் டிப்பராகவும் இன்னும் ஓடும் பழைய 1613 டி.சி.யிலும் இதே 697 குடும்பம்தான். அதனால் கேஸ்கெட், ரிங், வாட்டர் பம்ப், நாசில் எதற்கும் அலைய வேண்டாம், சென்னைப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் கிடைக்காதது இல்லை. பழைய 1210இல் இருக்கும் 692 வேறு. போர் 92, ஸ்ட்ரோக் 120, சுமார் 4.8 லிட்டர். பின்னாளில் வந்த 16 டன் டாடாக்களில் கம்மின்ஸ் 6 பி.டி.யும் உண்டு. கதவில் எழுதியிருப்பதை நம்பாமல் பிளாக்கில் என்ன அடித்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

லேலண்ட் வைத்திருப்பவர் அதே கம்பெனியின் ராணுவ லாரியான ஸ்டாலியனின் இன்ஜினைத் தேடுவார். அது ஜப்பானின் ஹினோ வழி வந்த டபிள்யூ 06: போர் 104, ஸ்ட்ரோக் 113, 5,759 சி.சி. உங்கள் பிளாக்கிலும் டபிள்யூ 06 என்றே இருந்தால் மேலே சொன்ன கணக்கு இங்கேயும் பொருந்தும். ‘எச்’ வரிசை என்றால் அது வேறு பிளாக். இரண்டும் ஹினோதானே என்று வாங்கி வந்து, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங் முன்னால் தலையைச் சொறிவது வீண் வேலை.

ஆவடி பக்கம் ஏலத்துக்குப் போனால் டாங்கி இன்ஜினைப் போடலாமா என்ற கேள்வியும் எழும். டி-72இன் வி-46 இன்ஜின் பன்னிரண்டு சிலிண்டர், 38.88 லிட்டர், 780 குதிரை, எடை ஒரு டன்னைத் தொடும். அதைத் தாங்குகிற கியர்பாக்ஸோடு சேர்த்தால் லாரிக்கு ஏற்றும் லோடு அந்த இன்ஜின் மட்டும்தான்.

காகிதம் முதலில். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்.சி.யில் இருக்கும் விவரங்கள், கம்பெனி முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொன்னது. நடைமுறையில் இதற்கு அர்த்தம், அதே கம்பெனி, அதே வகை இன்ஜினை, ஆர்.டி.ஓ.விடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி மாற்றி, புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்றுவது. 697 டி.சி. இருந்த இடத்தில் 697 டி.சி. என்றால் பேச இடமிருக்கிறது. 692 இருந்த 1210இல் 697 வைத்தால் சி.சி.யே மாறிவிடும், டாடாவில் ஸ்டாலியன் இன்ஜின் வைத்தால் கேட்கவே வேண்டாம். பட்டறையில் வேலை முடியும், ரோட்டில் ஓட எஃப்.சி. (தகுதிச் சான்று) கிடைக்காது, விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கை விரிக்கும். பி.எஸ். 3, பி.எஸ். 4 காலத்து வண்டிக்கு அதைவிடப் பழைய புகை விதி இன்ஜினை வைப்பதும் அப்படியே.

ஏலம் பெரும்பாலும் மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி.யின் இணையதளம் வழியாக. ‘உள்ளபடி, உள்ள இடத்தில்’ என்ற நிபந்தனையில்தான் லாட் (மொத்தமாக ஏலம் விடும் தொகுதி) போகும், பிறகு திருப்பிக் கொடுக்க முடியாது. முன்பார்வைக்கு விடும் நாளில் நேரில் போகாமல் விலை கேட்காதீர்கள். லாட் எடுத்தவரிடமிருந்து உதிரியாக வாங்கினால், டெலிவரி ஆர்டர் நகலும் ஜி.எஸ்.டி. பில்லும் வேண்டும், பில்லில் இன்ஜின் நம்பர் எழுதியிருக்க வேண்டும். நம்பர் அடித்த இடத்தில் கிரைண்டர் பட்ட தடம் இருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பார்க்கப் போகும்போது கையில் இருக்க வேண்டியது டார்ச், காந்தம், கிராங்க் புல்லி நட்டுக்குப் பொருந்தும் சாக்கெட், நீளக் கம்பி, ஒரு டயல் கேஜ். முதலில் டிப் ஸ்டிக். எண்ணெய் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. சம்ப்பின், அதாவது அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியின், டிரெயின் போல்ட்டை ஒரு சுற்று தளர்த்துங்கள். எண்ணெய்க்கு முன்னால் தண்ணீர் வந்தால் பேரிங் துரு நிச்சயம். அடுத்து கிராங்க்கைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றாத இன்ஜின் எல்லாம் ஜாம் இல்லை, ரிங் ஒட்டியிருக்கலாம். ஆனால் நாசிலைக் கழற்றாமல் பலம் கொடுக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றிருந்தால் கனெக்டிங் ராடு வளையும். கிராங்க்கை முன்னும் பின்னும் நெம்பி டயல் கேஜில் பார்த்தால் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் அசைவு சகஜம், 0.4 தாண்டினால் த்ரஸ்ட் வாஷர் போயிருக்கிறது. டர்போ ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் லேசாக அசையலாம். முன்பின்னாக அசைவது விரலுக்கே தெரிந்தால், அல்லது இறக்கை கூட்டில் உரசிய தடம் இருந்தால், டர்போவுக்குத் தனிச் செலவு எழுதிக்கொள்ளுங்கள்.

இன்ஜினோடு சேர்த்து வாங்க வேண்டியதைக் கேட்டு வாங்குங்கள். ரேடியேட்டர், ஃபேன் கூண்டு, ஏர் கிளீனர், அதன் தலையில் இருக்கும் சுழல் தூசிப் பிரிப்பான், டர்போவிலிருந்து போகும் குழாய்கள், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், கம்ப்ரஸர், ஸ்டியரிங் பம்ப். ஏலக்காரர் இவற்றைத் தனித்தனியாக விற்றால்தான் காசு பார்ப்பார், அதனால் இன்ஜின் பேச்சிலேயே முடித்துவிடுங்கள். கியர்பாக்ஸை மட்டும் அங்கேயே விட்டுவிடலாம். நாலு சக்கர இழுவை வண்டியின் கியர்பாக்ஸிலிருந்து ஒரு குட்டை ஷாஃப்ட் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் போகும். ஃபிளேஞ்ச், பார்க்கிங் பிரேக், ஸ்பீடோ கேபிள் எடுக்கும் இடம் எல்லாமே உங்கள் சாசியோடு ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது.

அதனால் முதல் விதி: உங்கள் கியர்பாக்ஸ் இருந்த இடத்திலிருந்து அசையக் கூடாது. இன்ஜின்தான் அதைத் தேடி வர வேண்டும். கியர்பாக்ஸ் ஓர் அங்குலம் நகர்ந்தாலும் ஜாயின்ட் ஷாஃப்ட் நீளம், கியர் ராடு, கிளட்ச் லிவர் எல்லாம் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கும். ஜாயின்ட் கோணம் மூன்று டிகிரிக்குள், முன் பின் இரண்டும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்குள் இருந்தால் அதிர்வு இராது. பழைய இன்ஜினை இறக்கும் முன் கிராங்க் புல்லி மையத்திலிருந்து சாசி மேல் விளிம்பு எவ்வளவு, குறுக்குச் சட்டம் எவ்வளவு, இன்ஜின் சாய்வு எத்தனை டிகிரி என்று சாக்பீஸால் சாசியிலேயே எழுதி வையுங்கள். காகிதத்தில் எழுதினால் கிரீஸ் கையில் காணாமல் போகும்.

இரண்டு டன் செயின் பிளாக் போதும். இன்ஜின் மட்டும் அரை டன் கிட்டே வரும் என்று வைத்துக்கொண்டு கட்டுங்கள். சங்கிலியை ராக்கர் கவரிலோ மேனிஃபோல்டிலோ கட்டாதீர்கள், லிஃப்டிங் கண்ணிகள் இருக்கின்றன.

பெல் ஹவுசிங்கில்தான் அதிகம் பேர் அவசரப்படுவார்கள். ஒரே 697 குடும்பம் என்றாலும் ராணுவ வண்டியின் ஃபிளைவீல், ரிங் கியர் பல் எண்ணிக்கை, கிளட்ச் பிளேட் விட்டம் உங்கள் வண்டியிலிருந்து மாறலாம். சுத்தமான வழி, உங்கள் பழைய இன்ஜினின் ஃபிளைவீல், ஹவுசிங், ஸ்டார்ட்டர் மூன்றையும் ஒரே செட்டாகப் புது இன்ஜினுக்கு மாற்றுவது. ஃபிளைவீல் போல்ட் புதிதாக இருக்கட்டும். பூட்டியதும் டயல் கேஜை ஃபிளைவீலில் நிறுத்தி கிராங்க்கை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஹவுசிங் துளையின் வட்டத்திலும் முகத்திலும் ஆட்டம் 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் இடையில் பெயிண்ட் பிசிறோ துருவோ இருக்கும். இல்லையென்றால் ஹவுசிங்கைச் சரியான இடத்தில் நிறுத்தும் டவல் பின்னின் துளை தேய்ந்திருக்கும். இந்த ஆட்டத்தோடு ஏற்றிய வண்டியில் கிளட்ச் கொத்தும், கியர் தானாகக் கழன்று வரும், சில மாதத்தில் இன்புட் ஷாஃப்ட் பேரிங் கத்தும். அப்போது எல்லோரும் கியர்பாக்ஸைப் பிரிப்பார்கள். ஃபிளைவீல் நடுவில் இன்புட் ஷாஃப்ட் நுனியைத் தாங்கும் பழைய ஸ்பைகாட் பேரிங்கைத் திரும்பப் போடாதீர்கள். அதைக் கையில் உருட்டிப் பார்த்து ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்வது வழக்கம். அதற்காக இன்னொரு தடவை கியர்பாக்ஸ் இறக்குவதும் வழக்கம்.

சம்ப் அடுத்த பொறி. நாலு சக்கர இழுவையில் முன் அச்சிலும் கிரவுன் (அச்சைச் சுழற்றும் பல் சக்கரம்) இருப்பதால் சம்ப்பின் ஆழமான பகுதி அதற்கு ஒதுங்கி அமைந்திருக்கும். உங்கள் வண்டியின் முன் அச்சு பீம் வேறு இடத்தில். மேலே வைத்தால் பொருந்தும், முதல் பள்ளத்தில் பீம் எழும்பி சம்ப்பை முட்டும். பட்டறையில் ஜாக்கியில் நின்றபடி பார்த்தால் தெரியாது. இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கிய நிலையில் குறைந்தது ஐம்பது மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றுவதென்றால் சம்ப், எண்ணெய் உறிஞ்சும் பைப், டிப் ஸ்டிக் குழாயோடு மூன்றும் உங்கள் பழைய இன்ஜினிலிருந்து ஒரே செட்டாக வர வேண்டும். சம்ப் ஒன்று, ஸ்டிக் இன்னொன்று என்றால் குறி பொய் சொல்லும். எண்ணெய் அதிகமானால் கிராங்க் அடித்து நுரையாக்கும், குறைந்தால் ஏற்றத்தில் பிரஷர் விளக்கு எரியும்.

மவுண்டிங் ரப்பர் புதிது. பிராக்கெட் உங்கள் சாசியுடையது. சாசியில் புதுத் துளை போடவே வேண்டாம், வெல்டிங் இன்னும் வேண்டாம்.

இப்போது வடசென்னைக்கே உரிய தலைவலி. இந்த வேலை செய்த வண்டி பெங்களூரு ரோட்டில் நன்றாகவே ஓடும். மே மாதம் மதியம், லோடோடு, எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்களுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் ஊர்ந்தால்தான் கூலிங் சரியா என்று தெரியும். டர்போ இல்லாத இன்ஜினுக்கென வந்த ரேடியேட்டரை டர்போ இன்ஜினுக்கு வைத்தால் சிவப்புக்குப் போவது அங்கேதான். ராணுவ ரேடியேட்டர் பொருந்தினால் அதையே கூண்டோடு வையுங்கள். பொருந்தாவிட்டால் உங்கள் டாங்க்குகளை வைத்துக்கொண்டு நாலு வரிசை கோர் கட்டச் சொல்லுங்கள். ஃபேன் இறக்கையின் அகலத்தில் பாதி கூண்டுக்குள், பாதி வெளியே. இறக்கை நுனிக்கும் கூண்டுக்கும் 20 மில்லிமீட்டர் வாக்கில், ஃபேனுக்கும் கோருக்கும் குறைந்தது 50 மில்லிமீட்டர். கூண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ‘காத்து நல்லா போகும்’ என்று சொல்வார்கள். ஊர்கிற வண்டியில் காற்றை இழுப்பது ஃபேன் மட்டும்தான். கூண்டு இல்லாத ஃபேன் இன்ஜின் பக்கத்துச் சூடான காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடும் ‘வைத்தியமும்’ வேண்டாம், அது ஊர்கிற வண்டியின் பிரச்சினையைத் தீர்க்காது, காலையில் இன்ஜினைக் குளிரிலேயே வைத்துத் தேய்க்கும்.

தண்ணீர் இன்னொரு விஷயம். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருப்பது பழைய கதை, கரையோரம் எந்த போர்வெல்லிலும் உப்பு உண்டு. அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் புதுக் கோர் பிளக்கும் வாட்டர் பம்ப்பும் சீக்கிரமே கசியும். டிஸ்டில்டு வாட்டர் பாதி, கூலன்ட் பாதி. அதற்கு முன் பிளாக்கை நன்றாக ஃபிளஷ் செய்யுங்கள், பல வருடம் நின்ற பிளாக்கின் அடியில் செம்மண் போல வண்டல் படிந்திருக்கும். கோர் பிளக் எல்லாவற்றையும் இன்ஜின் வெளியே இருக்கும்போதே மாற்றிவிடுங்கள், ஏற்றிய பிறகு பின்பக்கப் பிளக்குக்குக் கை போகாது.

ஏர் கிளீனரில் ராணுவ வண்டியின் சுழல் பிரிப்பான் வீணாகப் போகிற பொருள் இல்லை. அத்திப்பட்டு அனல்மின் நிலையச் சாம்பல் லாரிகள் ஓடும் ரோட்டில் அது மாதம் ஒரு ஃபில்டரை மிச்சப்படுத்தும். ஆனால் டர்போ வரைக்குமான ரப்பர் பைப்பும் கிளிப்பும் புதிதாக இருக்கட்டும். ஃபில்டருக்குப் பின்னால் ஒரு சின்ன வெடிப்பு போதும், சாம்பல் நேரே லைனரில் இறங்கும்.

மின்சாரம். ராணுவ இன்ஜினில் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் தகட்டைப் படியுங்கள், பெரும்பாலும் 24 வோல்ட். உங்கள் வண்டியில் இரண்டு பேட்டரி இருப்பதால் 24 என்று முடிவு கட்டாதீர்கள். பாசிட்டிவ் பாசிட்டிவோடு சேர்ந்திருந்தால் அது 12 தான். ஒன்றின் பாசிட்டிவ் அடுத்ததன் நெகட்டிவுக்குப் போனால்தான் 24. வண்டி 12 என்றால் உங்கள் பழைய ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டருமே புது இன்ஜினில் ஏறட்டும். வண்டி முழுவதையும் 24 ஆக்கப் போனால் பல்பு, ஹாரன், வைப்பர் மோட்டார், ரிலே, மீட்டர் என்று நீளும். 24 வண்டியில் ரேடியோவுக்கும் செல்போன் சார்ஜருக்கும் ஒரே பேட்டரியிலிருந்து 12 எடுப்பது எல்லா இடத்திலும் நடக்கும் தவறு. ஒரு பேட்டரி எப்போதும் காய்ந்தும் இன்னொன்று எப்போதும் கொதித்தும் இரண்டும் சேர்ந்து சாகும். கன்வர்ட்டர் போடுங்கள்.

பலரும் மறப்பது சென்டர்கள், அதாவது மீட்டருக்குத் தகவல் அனுப்பும் உணரிகள். ராணுவ இன்ஜினின் வெப்ப சென்டரும் எண்ணெய் பிரஷர் சென்டரும் உங்கள் டேஷ் மீட்டரோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். இன்ஜின் கொதித்தாலும் மீட்டர் நடுவிலேயே நிற்கும். உங்கள் பழைய சென்டர்களைப் போட்டு, வெப்ப சென்டரைக் கொதிக்கும் தண்ணீரில் தெர்மாமீட்டரோடு ஒரு முறை வைத்துச் சரிபாருங்கள்.

பம்ப், நாசில் இரண்டும் கட்டாயம் டெஸ்ட் பெஞ்சுக்குப் போக வேண்டும். நாசில் திறக்கும் பிரஷர் ஆறிலும் ஒன்றாக இருக்க வேண்டும், தெளிப்பில் சொட்டு இருக்கக் கூடாது. டர்போ இன்ஜினின் பம்ப்பில் டர்போ காற்றழுத்தத்துக்கு ஏற்ப டீசலைக் கூட்டும் பூஸ்ட் டயஃப்ரம் இருக்கும். வருடக்கணக்கில் நின்றதில் ரப்பர் கிழிந்திருந்தால் வண்டி இழுவை இல்லாமல் தவிக்கும், எல்லோரும் டர்போவைக் குறை சொல்வார்கள். வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் இன்லெட் 0.20, எக்ஸாஸ்ட் 0.30. ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4.

முதல் ஸ்டார்ட்டுக்கு இரண்டு நாள் முன்பே நாசில் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு மூடி எண்ணெய் விட்டு ஊற விடுங்கள். பிறகு கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று. நாசில் பூட்டி, ஃபில்டரில் காற்று எடுத்து, பம்ப்பில் எடுத்து, கடைசியாக நாசில் நட்டுகளில் எடுங்கள். டர்போவின் எண்ணெய் வரும் பைப்பைக் கழற்றி அதில் எண்ணெய் நிரப்புங்கள். ஸ்டாப் லிவரை இழுத்துப் பிடித்தபடி பதினைந்து வினாடி ஸ்டார்ட்டர், ஒரு நிமிடம் ஓய்வு, பிரஷர் மீட்டர் முள் எழும் வரை. அதன் பிறகுதான் லிவரை விட வேண்டும்.

இந்த நேரத்தில் டர்போ வாய்க்குப் பக்கத்தில் ஒருவர் தடித்த பிளைவுட் துண்டோடு நிற்க வேண்டும். ராக் ஒட்டியிருந்தாலோ டர்போ சீல் எண்ணெய் விட்டாலோ இன்ஜின் தன் இஷ்டத்துக்கு ஏறும், சாவியை அணைத்தாலும் நிற்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும். துணியோ கையோ வைக்கக் கூடாது, உள்ளே இழுத்துக்கொள்ளும்.

வேகக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். இன்ஜின் வேகத்துக்கு எல்லை வைக்கும் ராணுவ கவர்னர் செட்டிங் உங்கள் கிரவுனுக்குப் பொருந்தாமல் போகலாம். 41க்கு 6 கிரவுன் என்றால் விகிதம் 6.83. ஒன்பது இருபது (9.00-20) டயரின் சுற்றளவு சுமார் 3.1 மீட்டர். டாப் கியரில் 2,400 சுற்றுக்கு மணிக்கு 65 கிலோமீட்டர் வரும். 41க்கு 7 என்றால் அதே சுற்றுக்கு 76. டிரைவர் ‘பிக்கப் இருக்கு, ஸ்பீடு இல்ல’ என்றால் பம்ப் சீலை உடைப்பதற்கு முன் கிரவுன் பல்லை எண்ணுங்கள்.

500 கிலோமீட்டரில் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றி, மவுண்டிங், ஹவுசிங், மேனிஃபோல்டு போல்ட்டுகளை ஒரு முறை சுற்றி வாருங்கள். டீசல் ஃபில்டரை முதல் மாதத்தில் இரண்டு முறையாவது மாற்ற வேண்டிவரும். புது டீசல் பழைய பைப்பில் படிந்த பிசினைக் கரைத்துக்கொண்டு வரும்.

ஒன்று மட்டும் புது இன்ஜினை ஏற்றும் முன்பே செய்து வையுங்கள். பிளாக்கில் நம்பர் அடித்த இடத்தை டீசலால் துடைத்து, காகிதம் வைத்து இரண்டு பென்சில் பிரிண்ட் எடுத்து, தெளிவாக ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்கும் நாளில் பம்ப்புக்கும் சாசிக்கும் இடையில் கையை நுழைத்துப் பென்சில் தேய்க்க யாராலும் முடியாது.